திரும்பிப் போகாத தாள்கள்: பழைய ரூபாய் நோட்டுக்கு விலை எங்கிருந்து வருகிறது?

டிராக்டர் ஓட்டும் விவசாயி படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று ஒரு விளம்பரம் சில ஆண்டுகளாகக் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண் வரிசையில் 786 இருந்தால் இன்னும் சில லட்சம் கூடுதலாம். பழைய நோட்டுச் சேர்ப்பவன் என்று நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூட யாராவது பர்ஸைத் திறந்து அந்த நோட்டை நீட்டிவிடுவார்கள். 1970களில் வந்த நோட்டு அது, கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள், இன்றும் சட்டப்படி செல்லும், கடையில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்குச் சாமான் கிடைக்கும் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. சிலர் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பதும் உண்டு: குறைந்த விலைக்கு அமுக்கப் பார்க்கிறானோ என்று.

இந்த விளம்பரங்களுக்குப் பின்னால் இருப்பது நோட்டு வாங்கும் ஆசை இல்லை. 'உங்கள் நோட்டு விலைபோய்விட்டது, வரியும் கமிஷனும் முதலில் கட்டுங்கள்' என்று பணம் கறப்பதுதான் நோக்கம். ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் இதற்குப் பயன்படுத்தப்படுவதாக அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. பழைய நோட்டு வாங்கல் விற்றலில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும் சொன்னது.

ஆனாலும் விளம்பரத்தை நம்புகிறவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. 1959இல் வெளியான 'ஹஜ் நோட்டு' எனும் நூறு ரூபாய்த் தாள் ஒன்று 2024இல் லண்டன் ஏலத்தில் சுமார் 56 லட்சம் ரூபாய்க்குப் போனதாகச் செய்தி வந்தது. அதைப் படித்தவருக்கு 'நூறு ரூபாய்க்கே அவ்வளவு என்றால்...' என்று தோன்றுவது இயல்பு. அதே 1959 வாக்கில் நம் ஊரில் புழங்கிய சாதாரண ஒரு ரூபாய் நோட்டு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்பது அந்தச் செய்தியில் இருக்காது. இரண்டுக்கும் வயது ஒன்று. ஆகவே விலையை வயது தீர்மானிப்பதில்லை. எது தீர்மானிக்கிறது என்று பார்க்கப் போனால், தாள் பணம் எப்படிப் பிறந்து எப்படிச் சாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாணயம் செல்லாமல் போனாலும் உலோகம் மிஞ்சும். சோழர் காசு மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டு கிடந்துவிட்டு ஏர்க்காலில் மாட்டி வெளியே வருகிறது. ரூபாய் நோட்டோ ஒரு கடன் பத்திரம். கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருவதாக வெளியிட்டவர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வாக்குறுதி அது. வாக்குறுதி நிறைவேறியதும் தாள் கொடுத்தவரிடமே திரும்புகிறது. கிழிந்து நைந்த தாளை அவர் அழித்தாக வேண்டும். ஒரு காலத்தில் உலையில் எரித்தார்கள். இப்போது இயந்திரத்தில் பொடிப்பொடியாக நறுக்கிக் கட்டிகளாக அழுத்துகிறார்கள். ஒழுங்காக நடக்கும் அரசு தன் பழைய நோட்டு எதையும் மிச்சம் வைக்காது. சேகரிப்பாளரின் ஆல்பத்தில் இருக்கும் ஒவ்வொரு தாளும் திரும்பிப் போகத் தவறிய ஒன்று. அது ஏன் தவறியது, அதோடு சேர்ந்து எத்தனை தவறின என்பதுதான் விலை.

இதில் வேறொரு முடிச்சும் உண்டு. நாணயம் சேர்ப்பதைவிட நோட்டு சேர்ப்பது மிகப் பிந்தித்தான் பொழுதுபோக்கானது. 1900இல் ஒரு நூறு ரூபாய் நோட்டு என்றால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் பல மாத வருமானம். அழகாக இருக்கிறது என்பதற்காக அதை யார் எடுத்து வைப்பார்கள்? பெரிய மதிப்புள்ள நோட்டு முழுக்கத் திரும்பிவிட்டது. சின்ன மதிப்புள்ள நோட்டைச் சந்தையிலும் மடியிலும் சுருக்குப் பையிலும் கசக்கிப் பிழிந்து கந்தலாக்கிவிட்டார்கள். ஒன்று மீட்கப்பட்டு அழிந்தது, மற்றது உழைத்துத் தேய்ந்து அழிந்தது.

1861க்கு முன்பு வங்காள வங்கி, பம்பாய் வங்கி, சென்னை வங்கி ஆகிய மாகாண வங்கிகள் தனித்தனியாக நோட்டு வெளியிட்டன. 1861இல் வந்த தாள் பணச் சட்டம் அந்த உரிமையைப் பறித்து அரசுக்கே ஏகபோகமாக்கியது. முதலில் வந்தவை விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த நோட்டுகள்: 10, 20, 50, 100, 1000 ரூபாய். ஒரு பக்கம் மட்டுமே அச்சு, கையால் வார்த்த தாள், வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறி. கள்ள நோட்டு பெருகிவிடவே 1867 முதல் அவற்றுக்குப் பதிலாக அடியில் வண்ணக் கோலம் அச்சிட்ட வேறொரு வரிசை வந்தது. அரசர் உருவம் போட்ட நோட்டு 1923இல் தொடங்கும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வரிசை பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. விக்டோரியா நோட்டு அரிது என்றால் காரணம் இதுதான்: சில ஆண்டுகளே புழக்கத்தில் இருந்தது, கள்ள நோட்டுப் பயத்தில் அரசே முனைந்து திரும்பப் பெற்றது.

அந்தக் கால நோட்டு நாடு முழுக்கச் செல்லுபடியாகவில்லை என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். கல்கத்தா, பம்பாய், சென்னை, ரங்கூன், கான்பூர், லாகூர், கராச்சி என நாணய வட்டங்கள் இருந்தன. சென்னை வட்டத்தில் வெளியான நோட்டைச் சட்ட உரிமையோடு அந்த வட்டத்தில்தான் மாற்ற முடியும். நோட்டில் எந்தெந்த மொழிகளில் தொகை எழுதப்படும் என்பதும் வட்டத்தைப் பொறுத்து மாறியது. 1903க்கும் 1911க்கும் இடையில்தான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றாக எல்லா வட்டங்களிலும் செல்லும்படி ஆக்கப்பட்டன. சேகரிப்பாளருக்கு இந்த வட்டக் கணக்கு பெரிய விஷயம். ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஒரே கையொப்பம் என்றாலும் வட்டம் மாறினால் விலை மாறும். ஒரு வட்டத்தில் குறைவாக வெளியாகியிருக்கும், இன்னொன்றில் போரால் குழப்பமாகியிருக்கும்.

அதே காலத்து வழக்கம் ஒன்று இன்றும் ஏலங்களில் தெரிகிறது. தபாலில் பணம் அனுப்பப் பயந்த வணிகர்கள் நோட்டை நடுவில் இரண்டாக வெட்டி முதல் பாதியை அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் வந்ததும் மறுபாதி போகும். நோட்டின் எண் இரண்டு பாதியிலும் அச்சாகியிருந்ததால் பெறுபவர் ஒட்டிச் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். பாதி வழியில் கொள்ளை போனாலும் கொள்ளைக்காரனுக்குப் பயனில்லை. எனவே விக்டோரியா காலத்து நோட்டு நடுவில் வெட்டுப்பட்டு, பின்னால் தாள் ஒட்டி இருந்தால் அது பழுதுதான், ஆனால் மதிப்பைக் கெடுக்காத பழுது. வெட்டுப்படாத நோட்டு விலை கூடும் என்பது உண்மையே. எனக்கென்னவோ ஒட்டிச் சேர்த்த நோட்டைத்தான் பிடிக்கும். அது எங்கோ ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவே இரண்டு முறை பயணம் செய்திருக்கிறது.

முதல் உலகப் போர் வந்தபோது வெள்ளி விலை ஏறி, ரூபாய் நாணயம் அடிக்க வெள்ளி போதவில்லை. 1917 நவம்பர் 30 அன்று முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளியானது. அதில் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய் நாணயப் படமே அச்சிடப்பட்டிருந்தது, இது நாணயத்துக்கு ஈடு என்று மக்களுக்குக் காட்டுவதற்காக. ஒரு ரூபாய் நோட்டில் நாணயப் படம் போடும் மரபு இன்றுவரை தொடர்கிறது. இந்த நோட்டுகளை இருபத்தைந்து தாள் கொண்ட சின்னப் புத்தகமாகத் தைத்தும் கொடுத்தார்கள். காசோலைப் புத்தகத்தில் கிழிப்பதைப்போலக் கிழித்துச் செலவிடலாம்.

அதன் தம்பியாக வந்தது இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு, அதாவது இரண்டரை ரூபாய். இந்திய அரசு வேறெப்போதும் வெளியிடாத மதிப்பு. எந்த வட்டத்து நோட்டு என்று காட்ட ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு, சென்னைக்கு 'எம்'. அச்சுச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 1926 ஜனவரி 1 முதல் இந்தச் சின்ன நோட்டுகளை வெளியிடுவது நின்றுபோனது. இரண்டரை ரூபாயை யாரும் எடுத்து வைக்கவில்லை, அது கூலிக்கும் அரிசிக்கும் போன பணம். இன்று நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விலை லட்சங்களில் பேசப்படுகிறது.

நோட்டு திரும்பிப் போகாமல் இருக்க இன்னொரு வழி, வரவே வராமல் இருப்பது. அந்நாளில் இந்திய நோட்டு இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தது. நாசிக்கில் அச்சகம் வந்து நோட்டு அச்சிடத் தொடங்கியதே 1928இல்தான். லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ஷிராலா கப்பலை 1918 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஆங்கிலேயக் கரையருகே மூழ்கடித்தது. அதில் இருந்த நோட்டுக் கட்டுகளில் சில கரை ஒதுங்கின. பெரும்பகுதியை அதிகாரிகள் மீட்டு அழித்தார்கள், சில தனியார் கையில் தங்கின. அப்படித் தங்கிய இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் 2024 மே மாதம் லண்டனில் நூனன்ஸ் ஏல நிறுவனத்தில் விற்பனைக்கு வந்தன. கடல்நீரில் கிடந்தும் தாள் அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணம், அவை இறுகக் கட்டிய கட்டின் நடுவே இருந்திருக்கலாம் என்பது ஏலக்காரர்களின் ஊகம்.

இதைவிட விசித்திரமானது ஐதராபாத் கதை. நிஜாமின் அரசு 1918 சட்டத்தின்படி 'உஸ்மானியா சிக்கா' எனும் தன் சொந்தப் பணத்தில் நோட்டுகளை வெளியிட்டது. அவற்றை இங்கிலாந்தில் வாட்டர்லோ நிறுவனம் அச்சிட்டது. அப்படி வந்த ஒரு சரக்கு, தங்கமும் வெள்ளியும் ஏற்றிய 'ஈஜிப்ட்' கப்பலில் இருந்தது. 1922 மே 20 அன்று பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால், மூடுபனியில் வேறொரு கப்பல் மோதி அது மூழ்கிவிட்டது. பத்தாண்டு கழித்து 'ஆர்டிலியோ' என்ற இத்தாலியக் கப்பலின் மூழ்காளர்கள், அதுவரை யாரும் வேலை செய்திராத ஆழத்தில் இறங்கித் தங்கத்தை எடுத்தார்கள். தங்கத்தோடு நோட்டுக் கட்டுகளும் மேலே வந்தன. கையொப்பம் இன்னும் போடப்படாத நோட்டுகள் அவை. சட்டப்படி ஒரு நாளும் பணமாக இருந்ததில்லை. மூழ்கிய கப்பலிலிருந்து மீட்கப்பட்டவை என்று பின்பக்கம் முத்திரை குத்தி நினைவுப் பொருளாக விற்றார்கள். கடல் கறை படிந்த அந்தத் தாள்களைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது ஹஜ் நோட்டுக்கு வரலாம். 1950களில் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்று ஐக்கிய அரபு அமீரகமாக இருக்கும் பகுதி, ஓமான் ஆகிய இடங்களில் இந்திய ரூபாயே அன்றாடப் பணம். தங்கக் கடத்தல்காரர்கள் இங்கிருந்து ரூபாய் நோட்டைக் கட்டுக்கட்டாக அங்கே கொண்டுபோய்த் தங்கம் வாங்கினார்கள். வளைகுடா வங்கிகள் அந்த ரூபாயை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பவுண்டு ஸ்டெர்லிங் கேட்டன. எந்த ரூபாய் உண்மையான புழக்கத்தில் வந்தது, எது கடத்தலில் வந்தது என்று பிரிக்க வழியில்லை. அன்னியச் செலாவணி கரைந்துகொண்டே போனது.

1959இல் சட்டத்தைத் திருத்தி வளைகுடாவுக்கு மட்டும் தனி நோட்டு அச்சிட்டார்கள். வடிவம் ஏறக்குறைய நம் நோட்டுதான், நிறம் வேறு. ஒரு ரூபாயும் பத்து ரூபாயும் சிவப்பு, ஐந்து ஆரஞ்சு, நூறு பச்சை. எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து. இந்தியாவில் செல்லாது. இதோடு மெக்கா செல்லும் பயணிகளுக்கென 10, 100 ரூபாய்களில் 'எச்ஏ' முன்னெழுத்தோடு ஹஜ் நோட்டும் வந்தது. பத்து நீலம், நூறு சிவப்பு. கையொப்பம் அன்றைய ரிசர்வ் வங்கி கவர்னர் எச்.வி.ஆர். அய்யங்காருடையது.

குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்தப் பணத்துக்கு மாறின. 1966 ஜூன் மாதம் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் கத்தாரும் துபாயும் விலகின. ஓமான் மட்டும் 1970 வரை தாக்குப்பிடித்தது. ஒவ்வொரு நாடும் விலகும்போது கையிலிருந்த ரூபாயை மூட்டை கட்டி இந்தியாவுக்கு அனுப்பிக் கணக்குத் தீர்த்தது. ஹஜ் நோட்டின் நிலை இன்னும் மோசம். பயணி அதை அங்கேயே மாற்றிச் செலவழித்தாக வேண்டும், ஊருக்குத் திரும்பிக் கொண்டுவந்தால் கடையில் செல்லாது. மாற்றியவர் உடனே ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிவிடுவார். வெளியிட்டதே குறைவு, திரும்பியதோ கிட்டத்தட்ட முழுவதும். நூறு ரூபாயை மறந்துபோய்ப் பெட்டியில் வைக்கும் அளவுக்கு வசதியான பயணி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 56 லட்சத்தின் விளக்கம் அங்கே இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் நம் மக்களுக்கு நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவையும் பர்மாவையும் பிடித்த ஜப்பானியர்கள் அங்கே சொந்தமாக டாலரும் ரூபாயும் அச்சிட்டுத் தள்ளினார்கள். மலாயாவின் பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருந்ததால் அந்தப் பணத்துக்கே வாழைப்பழ நோட்டு என்று பெயர் வந்தது. முதலில் எண் போட்டு அச்சிட்டவர்கள், போகப் போக எண்ணையே விட்டுவிட்டு வெறும் எழுத்துகளை மட்டும் போட்டார்கள். எத்தனை அச்சிட்டோம் என்று எண்ணுவதில் அக்கறை இல்லாத பணம். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதம். மாற்றிக்கொடுக்க யாரும் இல்லாததால் யாரிடமும் திரும்பிப் போகவில்லை. பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் அது கட்டுக்கட்டாக வந்தது. எண்பது ஆண்டு பழையது, வரலாற்றில் தோய்ந்தது, ஆனாலும் இன்று சாதாரண வகைகளைச் சில நூறு ரூபாய்க்குள் வாங்கலாம். எண் போட்ட தொடக்க கால நோட்டு மட்டும் விலை கூடியது. தாத்தா பாதுகாத்து வைத்த கட்டு என்று சொல்லிக் கொண்டுவருபவர்களிடம் இதைச் சொல்வது சங்கடமான வேலை.

பர்மாவின் கதை இதைவிடச் சிக்கலானது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, ஐந்தாம் ஜார்ஜ் உருவம் போட்ட இந்திய நோட்டின் மேல் 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று ஆங்கிலத்தில் மேலச்சு அடித்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கெனத் தனி நோட்டு அச்சிட்டது. பிறகு ஜப்பானிய நோட்டு, பிறகு பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் மேலச்சு, பிறகு விடுதலைக்குப் பின் கியாட். 1964 மே மாதம் அங்கே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் கடைகளையும் இழந்து பல்லாயிரம் தமிழர்கள் வெறுங்கையோடு திரும்பிய காலம் அது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பர்மா நோட்டு கண்ணில் படுவதில் வியப்பில்லை. நகரத்தார் கணக்குப் புத்தகங்களோடு அவையும் வந்து சேர்ந்தன.

தேசப் பிரிவினையின்போதும் இதே மேலச்சு உத்திதான் கையாளப்பட்டது. 1948இல் இந்திய நோட்டில் ஆங்கிலத்திலும் உருதுவிலும் பாகிஸ்தான் அரசு என்று சேர்த்து நாசிக்கிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் முடிய இரு நாட்டுக்கும் ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி. மேலச்சு நோட்டுகள் எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: அடியில் இருக்கும் நோட்டு மலிவு, மேலே அடித்திருக்கும் இரண்டு வரிதான் விலை. ஆகவே உண்மையான பழைய நோட்டின் மேல் போலி வரிகளை அடித்து விற்பவர்கள் ஏராளம். தொடக்கநிலையில் இருப்பவர் இந்தப் பக்கம் தலை வைக்காமல் இருப்பது நல்லது.

புதுச்சேரி நோட்டைப் பற்றியும் ஒரு வரி. பிரெஞ்சு இந்தியாவில் இந்தோசீன வங்கி ரூபாயிலேயே நோட்டு வெளியிட்டது, ஐம்பது ரூபாய்த் தாளில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் உருவம் உண்டு. சின்ன நிலப்பரப்பு, குறைந்த வெளியீடு, 1954 நவம்பரில் ஆட்சி மாறியதும் நின்றுபோனது. அரிதாவதற்கு வேண்டிய எல்லாம் அமைந்த நோட்டு அது. இலங்கையில் 1942இல் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது வெளியான ஐந்து சத நோட்டு வேறு வகை வேடிக்கை. நடுவில் தபால்தலைபோலத் துளையிட்டிருக்கும், கிழித்தால் இரண்டு சதமும் மூன்று சதமும் ஆகும். கிழிக்காத தாளைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

செல்லாது என்று அரசே அறிவித்துவிட்டால் நோட்டு அரிதாகுமா? இந்தியாவில் மூன்று முறை அது நடந்திருக்கிறது, மூன்றும் மூன்று விதம். 1946 ஜனவரி 12 அன்று 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. புழக்கத்தில் இருந்த 143.97 கோடி ரூபாயில் 134.9 கோடி மாற்றப்பட்டுவிட்டது, திரும்பாதது 9.07 கோடி. கணக்குக் காட்ட முடியாத பணம் வைத்திருந்தவர்கள் மறைத்தவை, மறந்தவை, தொலைந்தவை எல்லாம் சேர்ந்த தொகை. 1954இல் 1000, 5000, 10,000 நோட்டுகள் மீண்டும் வந்தன. அந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. தமிழகச் சேகரிப்பாளர் எல்லாருக்கும் அது ஒரு கனவு நோட்டு. 1978 ஜனவரி 16 அன்று மொரார்ஜி தேசாய் அரசு மூன்றையும் ஒழித்தது. அன்றைக்கு ஆயிரம் ரூபாயைப் பார்த்தவர்களே குறைவு என்பதால் ஊரில் பெரிய சலசலப்பு இல்லை. இன்று நல்ல நிலையிலுள்ள தஞ்சை நோட்டு ஒன்று, அதன் முகமதிப்பைப்போலப் பல மடங்கு விலை கேட்கிறது.

2016 நவம்பர் 8 கதை எல்லாருக்கும் தெரியும். 15.41 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள 500, 1000 நோட்டுகளில் 15.31 லட்சம் கோடி திரும்பிவிட்டது, 99.3 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் 1946ஐவிட மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. ஆனால் மிஞ்சிய சுமார் பத்தாயிரம் கோடி ரூபாயும் ஆயிரம் ரூபாய் நோட்டுகள்தான் என்று வைத்துக்கொண்டாலும் அது பத்துக் கோடித் தாள். அந்தப் பழைய ஐந்நூறு ரூபாய் அரிதாக நம் பேரன் பேத்தி காலமும் போதாது என்பது என் கணிப்பு. அதோடு சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நோட்டுகளில் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கும் சேகரிப்புக்கும் என்றால் இருபத்தைந்து வரை போகலாம். மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பைப்போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம். மொத்தமாக வாங்கி வைத்துப் பிறகு விற்கலாம் என்று யோசனை சொல்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு தெரிவதில்லை.

இவ்வளவு பணம் போட முடியாதவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான சுவை கையொப்பத்தில் இருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி வெளியிடுவதில்லை, இந்திய அரசு வெளியிடுகிறது. கையொப்பம் நிதித்துறைச் செயலருடையது, 'தர உறுதியளிக்கிறேன்' என்ற வாசகமும் அதில் இராது. 1949இல் அசோகத் தூண் சிங்கங்களோடு வந்த முதல் நோட்டில் கே.ஆர்.கே. மேனன் கையொப்பமிட்டார். அங்கிருந்து 1994இல் அச்சு நிறுத்தப்பட்ட வரை, பிறகு 2015இல் மீண்டும் வந்தது முதல் இன்றுவரை, செயலர் வரிசை முழுவதையும் சேர்க்கலாம். பெரும்பாலானவை சில பத்து ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஓரிரு கையொப்பங்கள் மட்டும் அலைய வைக்கும்.

அந்த வரிசைக்குள் சின்னச் சின்ன ஆட்டங்கள் உண்டு. நிதித்துறைச் செயலராக ஒரு ரூபாயிலும், பிறகு கவர்னராக மற்ற நோட்டுகளிலும் கையொப்பமிட்டவர்கள் யார் யார்? மன்மோகன் சிங், நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன், அண்மையில் சக்திகாந்த தாஸ் என்று பட்டியல் நீளும். கே.ஜி. அம்பேகாவ்ங்கர் செயலராக ஒரு ரூபாயில் கையொப்பமிட்டிருக்கிறார். 1957இல் சில வாரங்கள் கவர்னராகவும் இருந்தார், ஆனால் கவர்னராக அவர் கையொப்பமிட்ட நோட்டே கிடையாது. 1970இல் நாற்பத்திரண்டு நாள் மட்டும் கவர்னராக இருந்த பி.என். அதார்க்கருக்கு யோகம் வேறு மாதிரி: காந்தி நூற்றாண்டு நினைவு நோட்டுகளில் அவர் கையொப்பம் இடம்பெற்றுவிட்டது. அவருக்கு முந்தைய எல்.கே. ஜா கையொப்பமிட்ட அதே நோட்டைவிட இது எப்போதும் விலை கூடுதல்.

அன்றாடப் புழக்கத்திலேயே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2006 முதல், அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாக வைக்கப்படும் நோட்டில் எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி வருகிறது. 2023இல் இது கள்ள நோட்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பி, நட்சத்திர நோட்டும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 000001 என்ற எண், ஆறு இலக்கமும் ஒன்றாக இருப்பது, வெட்டும் இடம் மாறி அச்சானது, எண் இல்லாமல் வந்தது ஆகியவற்றுக்கும் வாங்குபவர் உண்டு. 786க்கும் உண்டுதான். இஸ்லாமியர் பலருக்கு அது மங்கல எண் என்பதால் சலவை நோட்டாக இருந்தால் முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். லட்சம் கிடைக்காது.

சலவை நோட்டு என்றதும் நிலை பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. ஒரே நோட்டு, மடிப்பே இல்லாமல் இருந்தால் ஒரு விலை. நடுவில் ஒரு மடிப்பு விழுந்தால் பாதியாகக் குறைவதும் உண்டு. அமெரிக்காவின் பி.எம்.ஜி. போன்ற நிறுவனங்கள் எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. இந்திய நோட்டுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. நம் வங்கிகள் புதுக் கட்டையும் ஸ்டேப்பிள் முள் அடித்தே தந்தன. 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தடைசெய்யும் வரை அதுதான் நடைமுறை. அதனால் ஒரு விரலும் படாத பழைய நோட்டிலும் இடது ஓரத்தில் இரண்டு துளை இருக்கும். வெளியிடும்போதே இருந்த துளை என்று குறித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைக்காமல் விடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. பழைய நோட்டில் துளையே இல்லை என்றால் அனுபவசாலி மகிழ்வதற்கு முன் சற்றுச் சந்தேகப்படுவார், யாராவது அடைத்துச் சீர்செய்திருப்பார்களோ என்று.

கழுவுவது, கஞ்சி போடுவது, இஸ்திரி போடுவது, செல்லோடேப் ஒட்டுவது எல்லாம் நோட்டைக் கொல்லும் வேலைகள். லேமினேஷன் செய்துவிட்டால் அதோடு முடிந்தது. மலிவான பிவிசி உறை சில ஆண்டுகளில் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பாலியெஸ்டர் உறைதான் பாதுகாப்பு. சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஈரப்பதமும் ராமபாணப் பூச்சியும் கூடவே வாழ்கின்றன. ஆல்பத்தை மழைக்காலம் முழுக்கப் பூட்டி வைக்காமல் அவ்வப்போது திறந்து காற்றாட விட வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது. மும்பையில் ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரில் ரெஸ்வான் ரசாக் 2020இல் திறந்த இந்தியத் தாள் பண அருங்காட்சியகம் இந்தத் துறைக்கென்றே அமைந்தது. நல்ல நோட்டு எப்படி இருக்கும் என்று கண் பழகாமல் இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கினால், நீர்க்குறியும் தாளின் மொடமொடப்பும் தெரியாது. சென்னையில் நாணயவியல் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்குப் போனால் நோட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க விடுவார்கள். பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசியாக, இப்போது எல்லாரும் கேட்கும் இரண்டாயிரம் ரூபாய். 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். செல்லாது என்று அறிவிக்கவில்லை. அன்று புழக்கத்தில் இருந்த 3.56 லட்சம் கோடியில் 98 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிட்டது. மிஞ்சியிருப்பவை இன்னும் கோடிக்கணக்கான தாள்கள். அறிமுகமானபோதே நினைவாக ஒன்றை எடுத்து வைத்தவர்கள் அதற்குள் அடக்கம். அழகான எண்ணோ நட்சத்திரமோ இல்லாத இரண்டாயிரத்தைப் பிற்காலத்தில் விலைபோகும் என்று பத்திரப்படுத்துவது, வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கிக்குக் கடன் கொடுத்திருப்பதற்குச் சமம். ஒன்றை ஆல்பத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சென்னை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தபாலில் அனுப்பினாலும் வாங்கிக்கொண்டு கணக்கில் வரவு வைக்கிறார்கள், இரண்டாக வெட்டத் தேவையில்லை.